கீற்றுக் கேமரா செயலி: படத்தைப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

முதலில் செயலி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வீடியோவாக வரும் ஒவ்வொரு பிரேமிலிருந்தும் நடுவில் ஒரே ஒரு செங்குத்துக் கீற்றை எடுக்கிறது. மிச்சத்தைத் தூக்கிப் போடுகிறது. எடுத்த கீற்றை முந்தைய கீற்றுக்கு வலப்பக்கம் ஒட்டுகிறது. அவ்வளவுதான். ஓட்டப் பந்தயத்தில் கோட்டை முதலில் தொட்டது யார் என்று முடிவு செய்ய எடுக்கிறார்களே போட்டோ பினிஷ், அதுவும் இதே முறைதான். இங்கிலீஷ்காரர்கள் போல நாமும் ஸ்லிட் ஸ்கேன் என்றே சொல்லலாம்.

இந்தப் படத்தில் உயரம் என்பது இடம். அகலம் என்பது நேரம். இதை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் கோளாறு தானாகப் பிடிபடும். சாதாரணப் போட்டோவில் போன் செய்யும் சின்னச் சின்னத் தில்லுமுல்லு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே எது மாறினாலும், மாறிய நேரத்தில் அது கோடாக விழுந்துவிடும். அதனால் செயலி ஓடும்போது எழுதும் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டைத் திறப்பதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு நிற்கிறதா, படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, அகலம் எவ்வளவு என்று பார்த்தாலே காரணம் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

நான் சொல்வதெல்லாம் ஆன்ட்ராய்டு, அதில் நிரல் எழுதும் மொழியான கோட்லின், கேமராவை இயக்கும் நூலகமான கேமராஎக்ஸ் ஆகியவற்றை வைத்து. பிரேம்களை நம் நிரலுக்குத் தரும் அதன் இமேஜ் அனாலிசிஸ் வழியாகவே அவை வருகின்றன. அளவு 1440 × 1080. போனை நிமிர்த்திப் பிடித்திருக்கிறோம்.

எதுவுமே வரவில்லை

கணினி போனைக் காணவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அதுவும் சரி என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

செயலி திறக்கிறது, திரை கறுப்பாக நிற்கிறது என்றால் கேமரா அனுமதி. செயலிக்கு வேண்டிய அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்டில் எழுதினால் மட்டும் போதாது, ஓடும்போதும் கேட்க வேண்டும். ஒருவர் இரண்டு முறை மறுத்துவிட்டால் புதிய ஆன்ட்ராய்டுகள் மறுபடி கேட்கவே விடாது. செட்டிங்ஸுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும்.

ஒரே ஒரு கீற்று வந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறதா? இது தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். வந்த பிரேமை வேலை முடிந்ததும் க்ளோஸ் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கேமராஎக்ஸ் அடுத்ததைத் தராது. பிழைச் செய்தியும் வராது, சும்மா நிற்கும். க்ளோஸைக் கடைசி வரியில் எழுதியிருந்தாலும், நடுவில் ஏதாவது எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) விழுந்தால் அந்த வரிக்குப் போகாது. பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலிக்குள் போடுங்கள்.

படம் வருகிறது, ஆனால் மங்கல், உயரம் 640 தான் இருக்கிறது என்றால் நீங்கள் அளவு எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். இமேஜ் அனாலிசிஸ் தானாக எடுப்பது 640 × 480. ரெசல்யூஷன் செலக்டரில் கேளுங்கள். கேட்டது அப்படியே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். வந்த பிரேமின் அகல உயரத்தைப் படித்துப் பாருங்கள்.

பேருந்தின் கூரை சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது

படத்தைக் கிடைமட்டமாக வெட்டி, மேல்துண்டைக் கீழே ஒட்டியது மாதிரி வருகிறது. ஒட்டிய இடத்தில் மெல்லிய பச்சை அல்லது கறுப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. இதற்குக் காரணம் ரோ ஸ்ட்ரைடு, அதாவது நினைவகத்தில் ஒரு வரிசை பிடிக்கும் மொத்த பைட்.

கேமரா தரும் பஃபரில் ஒரு வரிசை 1440 பிக்சல் என்றாலும், நினைவகத்தில் அது 1440 பைட்டாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல சிப்கள் 64-இன் மடங்காக நிரப்பி வைக்கும். அப்போது ஒரு வரிசை 1472 பைட்; கடைசி 32 பைட் வெறும் நிரப்பல். போன் நிமிர்ந்திருக்கும்போது பஃபர் பக்கவாட்டில் கிடப்பதால் நம் செங்குத்துக் கீற்று அதில் ஒரு வரிசை. நீங்கள் நடுவில் உள்ள 540ஆவது வரிசையை எடுக்க 540 × 1440 என்று கணக்குப் போட்டால் கை 777600ஆவது பைட்டில் போய் விழும். உண்மையில் அந்த இடம் 528ஆவது வரிசையின் 384ஆவது பிக்சல். அங்கிருந்து 1440 பைட் வாரினால் என்ன கிடைக்கும்? 1056 பிக்சல் படம், 32 பைட் குப்பை, பிறகு அடுத்த வரிசையின் முதல் 352 பிக்சல். போனை நிமிர்த்திப் பிடித்தால் பஃபரின் இடப்பக்கம் படத்தின் மேல்பக்கம் ஆகிறது. எனவே மேலே இருக்க வேண்டிய 384 பிக்சல் அறுந்து, அதில் 352 கீழே வந்து ஒட்டுகிறது. நடுவில் ஓடும் பட்டையை அளந்து பாருங்கள், 32 பிக்சல் இருக்கும்.

தீர்வு ஒரே வரி: தொடக்க இடம் = வரிசை எண் × ரோ ஸ்ட்ரைடு. அகலத்தால் பெருக்காதீர்கள். உங்கள் போனில் ஸ்ட்ரைடும் அகலமும் ஒன்றாக இருந்து எல்லாம் ஒழுங்காக ஓடும். நண்பர் போனில் போட்டதும் கூரை கீழே போகும். அதனால் இந்தத் திருத்தத்தை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

ஆட்கள் நீலமாக இருக்கிறார்கள்

கேமரா படத்தை மூன்று தளங்களாகத் தருகிறது: ஒய் வெளிச்சம், யூவும் வியும் நிறம். யூ தளத்தையும் வி தளத்தையும் மாற்றிப் படிக்கிறீர்கள். ஆட்டோவின் மஞ்சள் வெளிர்நீலத்துக்குப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். சில போன்களில் இந்தத் தளங்களின் பிக்சல் ஸ்ட்ரைடு (ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை பைட்) 1, சிலவற்றில் 2; அதையும் கேட்டுத்தான் படிக்க வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் கேமராஎக்ஸிடம் ஆர்ஜிபிஏ 8888 வடிவில் கேட்கலாம். மாற்றித் தர அது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். என் யோசனை, முதலில் ஒய் தளத்தை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையில் எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். நிறம் அப்புறம் வரட்டும். ஒய் தளத்தில் பிக்சல் ஸ்ட்ரைடு எப்போதும் 1 தான்.

நிற்கும் பட்டைகள்

இந்தச் செயலியின் நோய்களில் முக்கால்வாசி இங்கேதான். மூன்று வகை உண்டு.

வெள்ளை லாரி ஒன்று வருகிறது. அது கீற்றுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் படம் முழுக்க, பின்னணிச் சுவர் உட்பட, இருட்டாகிறது. லாரி போனதும் மெல்லத் தெளிகிறது. இது ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது காட்சியைப் பார்த்து கேமரா தானாக ஒளி அளவை மாற்றுவது. போட்டோவுக்கு நல்லது, நமக்குச் சத்துரு. அந்த அளவைப் பூட்டும் ஏஇ லாக்கைப் போடுங்கள். லாக் போடும் நேரம் முக்கியம்: கேமரா திறந்த உடனே போட்டால் அளவு செட்டாகாமல் ஒரேயடியாக வெளுத்தோ கறுத்தோ மாட்டிக்கொள்ளும். காலியான சாலையைக் காட்டி ஓரிரு நொடி விட்டு, அளவு நிலைத்துவிட்டதைச் சொல்லும் கன்வெர்ஜ்டு என்ற நிலை வந்த பிறகு போடுங்கள்.

இரண்டாவது வகையில் வெளிச்சம் மாறாது, சாயல் மாறும். பள்ளிக்கூட பஸ் போகும்போது பின்னணி நீலம் பாய்ந்து, போனபின் பழுப்புக்குத் திரும்பும். இது கேமரா நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ். அதைப் பூட்ட ஏடபிள்யூபி லாக். முடிந்தது.

மூன்றாவது வகைதான் சுவாரசியம். பகலில் எல்லாம் சுத்தமாக இருக்கும். இரவில் தெருவிளக்கிலோ வீட்டுக்குள்ளோ எடுத்தால் படம் நெடுக மெல்லிய செங்குத்துக் கோடுகள் சீராக வரும். பெரிதாக்கி எண்ணுங்கள். மூன்று கீற்றுக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது மின்சாரம்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமரா நொடிக்கு 30 பிரேம் எடுக்கிறது. ஒரு பிரேமுக்குள் மூன்றே மூன்று துடிப்பும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கும் அடங்கும். ஆகவே ஒவ்வொரு பிரேமும் துடிப்பின் வேறு கட்டத்தில் மாட்டி, நான்காவது பிரேமில் பழைய கட்டத்துக்கே வந்து சேரும். அதனால்தான் மூன்று கீற்றுக் கணக்கு. நேரம் போகப் போக கோடுகளின் அழுத்தம் மெல்ல மாறிக்கொண்டே போவதையும் பார்க்கலாம். பிரேம் வேகமும் மின்சார அதிர்வெண்ணும் இம்மி பிசகாமல் இருப்பதில்லை.

எக்ஸ்போஷர் நேரம் துடிப்பின் முழு மடங்காக இருந்தால் ஒவ்வொரு பிரேமும் ஒரே அளவு ஒளியை வாங்கும், கோடு மறையும். அதாவது 1/100 நொடி அல்லது 1/50 நொடி. ஆன்ட்ராய்டு இதை நானோநொடியில் கேட்கும்: ஒரு கோடி, அல்லது இரண்டு கோடி. பூஜ்ஜியத்தை எண்ணிப் போடுங்கள். போன் தன்னை 60 ஹெர்ட்ஸ் நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் 1/60, 1/120 என்று எடுக்கும், கோடு நிற்கும். ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடும் நிலையில் விளக்குத் துடிப்பைத் தவிர்க்கும் ஆன்டிபேண்டிங் முறையை 50 ஹெர்ட்ஸ் என்று கட்டாயமாக வைத்து, பிறகு லாக் போடலாம். கையால் எக்ஸ்போஷர் வைத்தால் அந்த அமைப்புக்கு வேலை இல்லை, எண்ணே போதும்.

இன்னொரு வழியும் உண்டு. போன் அனுமதித்தால் நொடிக்கு 25 பிரேம் வையுங்கள். ஒரு பிரேமுக்குச் சரியாக நான்கு துடிப்பு. எந்த எக்ஸ்போஷரிலும் கோடு அடங்கிவிடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும்போது சரியான எண்ணை வைத்தும் லேசாகக் கோடு வருகிறதா? சாதாரண இன்வெர்ட்டர்கள் 50-ஐ ஒட்டித்தான் ஓடும், 50-இலேயே ஓடுவதில்லை. செயலியில் குறை தேடாமல் கரண்ட் வரும்வரை காத்திருங்கள்.

இந்த 1/100 கணக்கைத் தூக்கிக்கொண்டு நடுப்பகலில் போகாதீர்கள். எஃப் 1.8 லென்ஸில், ஐஎஸ்ஓ 100-இல், நம் வெயிலுக்குத் தோராயமாக 1/8000 நொடி போதும். 1/100 வைத்தால் வெள்ளைத்தாள் தான் மிஞ்சும். சூரியன் துடிப்பதில்லை, பகலில் எந்த எண்ணும் வைக்கலாம்.

கையால் எக்ஸ்போஷர் வைத்தும் எதுவும் மாறவில்லை என்றால் போனின் தகுதியைப் பாருங்கள். ஹார்டுவேர் லெவல் என்று ஒன்று உண்டு: லெகசி, லிமிடெட், ஃபுல், லெவல் 3. மேனுவல் சென்சார் என்ற திறன் பட்டியலில் இல்லாத போன் நீங்கள் கொடுக்கும் எண்ணைக் காதில் போட்டுக்கொள்ளாது. லெகசி போனில் இது கிடைக்கவே கிடைக்காது. அங்கே லாக் மட்டும்தான் கைவசம். பழைய போன் ஒன்றை இதற்கென்றே வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையிலேயே இந்தத் திறனைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

படுத்திருக்கும் கோடுகள்

முதலில் ஒரு ஆறுதல்: படம் முழுக்கக் கிடைக்கோடு இருப்பது கோளாறே அல்ல. அசையாத பொருள் ஒவ்வொரு பிரேமிலும் அதே இடத்தில் இருப்பதால் கோடாகத்தான் நீளும். கோடு நேராக இருக்கிறதா என்பதே கேள்வி. இதைச் சோதிக்க வேலூரில் இருப்பவர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. கோட்டைக்கு வெளியே அகழிக்கு இந்தப் பக்கம் நின்று, எதிரே இருக்கும் கருங்கல் சுவரை நோக்கிப் போனை வையுங்கள். 16ஆம் நூற்றாண்டுக் கல் வரிசைகள், இடுக்குகள், கீழே தண்ணீர். கல்லின் இடுக்குகள் நேர்க்கோடாக வர வேண்டும், தண்ணீர் மட்டும் அலைய வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, உள்ளே முக்காலி வைக்க அனுமதி வேண்டும். மணல் நிரப்பிய சிறு துணிப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து அதில் போனைச் சாய்த்தால் முக்காலியே தேவையில்லை.

கல் இடுக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி மேலும் கீழும் அலைந்தால் போன் ஆடுகிறது. அல்லது போன் ஆடாமலே, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் படத்தை ஆட்டுகிறது. பையில் அசையாமல் கிடக்கும் போனில் அது இருந்து பயனில்லை. ஆப்டிகல், வீடியோ இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

நடுக்கோடு அசையாமல், மேல்கோடு மேலேயும் கீழ்க்கோடு கீழேயும் விலகித் திரும்பினால் ஃபோகஸ். லென்ஸ் முன்னும் பின்னும் நகரும்போது காட்சி லேசாகப் பெரிதாகிச் சிறிதாகும். ஆட்டோஃபோகஸை அணைத்து, தூரத்தைக் கையால் கொடுங்கள். அலகு டயாப்டர், அதாவது மீட்டரின் தலைகீழ்: 5 மீட்டருக்கு 0.2, 10 மீட்டருக்கு 0.1, முடிவிலிக்கு 0. சில போன்களில் இந்த அளவு உண்மைத் தூரத்தோடு பொருந்தாது, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஒரு பிக்சல் தடிமனில் பளிச்சென்று ஒரு கோடு, தொடக்கம் முதல் கடைசி வரை. இது சுவரில் உள்ள ஏதாவது வெள்ளைக் கல்லா, சென்சாரில் உள்ள கோளாறா? ஆள் யாராவது குறுக்கே நடந்த இடத்தைப் பாருங்கள். சுவரின் கோடு என்றால் ஆளுக்குப் பின்னால் மறையும். ஆளின் சட்டை மேலேயே கோடு ஓடினால் அது ஹாட் பிக்சல், அதாவது ஒளி விழாமலே பளிச்சிடும் சென்சார் புள்ளி. வெயிலில் போன் சூடாகச் சூடாக இந்தக் கோடுகள் கூடும். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களில் கேமரா உணரிகளைக் கடுங்குளிரில் வைத்து இயக்குவது சூட்டால் வரும் இந்தப் பொய்ப் புள்ளிகளை அடக்கத்தான். 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கே உள்ள பிரச்சினை நம் போனுக்கும் உண்டு என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நமக்குச் சுலபமான வழி கீற்றை ஒரு வரிசை தள்ளி எடுப்பது. 540-க்குப் பதில் 541. அந்த வரிசையில் வேறொரு ஹாட் பிக்சல் இருந்தால் 542. அதற்கும் அடங்காவிட்டால் லென்ஸை மூடி, அதே எக்ஸ்போஷரில் ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கழியுங்கள்.

கோடு அகலமாக, ஓரம் மங்கலாக இருந்தால் லென்ஸில் தூசி அல்லது விரல் ரேகை. சட்டை நுனி போதும்.

வண்டிகள் நசுங்கியோ நீண்டோ வருகின்றன

நெடுஞ்சாலையோரம் கிரீன் சர்க்கிள் பக்கம் வைத்து எடுத்தால் முதலில் கிடைக்கும் ஏமாற்றம் இது. 12 மீட்டர் பேருந்து விரல் அகலத்தில் வந்து நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11.1 மீட்டர், ஒரு பிரேமுக்கு 37 செ.மீ. முழுப் பேருந்தும் கீற்றைக் கடக்க 32 பிரேம்தான் ஆகிறது. ஒரு பிக்சல் கீற்று என்றால் பேருந்தின் அகலம் 32 பிக்சல். உங்கள் சட்டகத்தின் 1440 பிக்சல் உயரம் அங்கே 7.2 மீட்டரைக் காட்டுகிறது என்று வையுங்கள், ஒரு பிக்சல் அரை செ.மீ. வண்டி ஒரு பிரேமில் 74 பிக்சல் நகர்கிறது. உருவம் இயல்பாக வர வேண்டுமானால் கீற்றின் அகலமும் 74 இருக்க வேண்டும்.

அவ்வளவு அகலக் கீற்று வைத்தால் ஒட்டு தெரியும். வேறு வேகத்தில் போகும் வண்டிக்கு ஒட்டிய இடத்தில் ஜன்னல் இரட்டிக்கும் அல்லது பாதி காணாமல் போகும். ஆகவே இந்தச் செயலிக்கு மெதுவான ஆட்களே உகந்தவர்கள். காலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடப்பவர் 5 கிலோமீட்டர் வேகத்தில், அதே தூரத்தில், ஒரு பிரேமுக்கு 9 பிக்சல்தான் நகர்வார். 9 பிக்சல் கீற்றில் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. கீற்றின் அகலத்தைத் திரையில் ஒரு ஸ்லைடராக வைத்துவிடுங்கள், ஆளுக்கு ஏற்றபடி மாற்றலாம்.

வேக வண்டிதான் வேண்டும், பிரேம் வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். 120 பிரேம் என்று போனின் பெட்டியில் எழுதியிருக்கும். அந்த அதிவேக முறையில் ஆன்ட்ராய்டு முன்னோட்டத் திரைக்கும் வீடியோ பதிவுக்கும் மட்டுமே பிரேம் தரும்; நம் அனாலிசிஸுக்குத் தராது. சுற்றுவழி: போனின் சொந்தக் கேமராவில் ஸ்லோமோஷன் எடுத்து, அந்தக் கோப்பை ஆன்ட்ராய்டின் வீடியோ பிரிக்கும் கருவியான மீடியாகோடெக்கால் பிரித்துக் கீற்று வெட்டுங்கள். அங்கேயே வெட்டிப் பார்க்கும் ருசி போய்விடும், ஆனால் பேருந்து பேருந்தாக வரும்.

பகலில் சரியாக வந்தவர்கள் பொழுது சாய்ந்ததும் ஒல்லியாகிறார்களா? வெளிச்சம் குறைந்ததும் போன் சத்தமில்லாமல் 30 பிரேமிலிருந்து 15-க்கு இறங்கிவிட்டது. பாதிக் கீற்று, பாதி அகலம். பிரேம் வேக வரம்பை 30 முதல் 30 வரை என்று இறுக்கிக் கட்டுங்கள். 15 முதல் 30 வரை என்று விட்டால் அது இறங்கத்தான் செய்யும். படம் கொஞ்சம் இருட்டாகும், ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சைக்கிளின் சட்டகம் நடுவில் திடீரென்று வெட்டுப்பட்டு, ஒரு துண்டு காணாமல் போனால் பிரேம் தவறியிருக்கிறது. ஒவ்வொரு பிரேமோடும் நேரமுத்திரை வரும். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம் 33.3 மில்லிநொடி இருக்க வேண்டும். 66.7 என்றால் ஒன்று போயிற்று. இதைப் படத்தின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளியாக வைக்கச் சொல்லிவிட்டால் எங்கே போயிற்று என்று கையோடு தெரியும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பிரேமைக் கையில் வைத்துக்கொண்டே பிஎன்ஜி எழுதுவது. அல்லது ஒவ்வொரு பிரேமுக்கும் புது அரே உருவாக்கி, பழையவற்றின் நினைவகத்தைக் காலிசெய்ய ஆன்ட்ராய்டை நடுவில் வேலையை நிறுத்த வைப்பது. கீற்றை முன்பே ஒதுக்கிய ஒரே பஃபரில் நகலெடுங்கள், பிரேமை உடனே க்ளோஸ் செய்யுங்கள், மற்ற வேலையை வேறு த்ரெட்டுக்குத் தள்ளுங்கள். வந்த பிரேம்களை வரிசையில் காக்கவைக்கும் ‘பிளாக் புரொட்யூசர்’ என்று வைத்தால் பிரேம் தவறாது என்று நினைக்க வேண்டாம். வரிசை நிரம்பியதும் முன்னோட்டத் திரையும் சேர்ந்து திக்கும். கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘கீப் ஒன்லி லேட்டஸ்ட்’ போதும்.

தொடக்கத்தில் ஒழுங்காக இருந்து, சில நிமிடத்துக்குப் பிறகே வெட்டு விழ ஆரம்பித்தால் சூடு. கத்திரி வெயில் காலத்தில் நம் ஊரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். கைப்பிடிச் சுவரே அடுப்பாக இருக்கும். ஆன்ட்ராய்டு 10 முதல் பவர் மேனேஜரிடம் வெப்பநிலை நிலவரத்தைக் கேட்கலாம்: லைட், மாடரேட், சிவியர் என்று ஏறும். மாடரேட் வந்ததும் முன்னோட்டத் திரையை அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கச் செயலியிலேயே எழுதிவிடுங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டே எடுக்காதீர்கள். கவரைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணியால் நிழல் காட்டுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், லென்ஸுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.

சாலையோரம் இப்படித் துணியும் பையுமாக நின்றால் டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து, “இன்னாப்பா, ரோடு அகலமாக்கப் போறாங்களா?” என்று கேட்பார். “இல்லண்ணே, சும்மா போட்டோ” என்று திரையைக் காட்டிவிடுவது நல்லது. நசுங்கிய பேருந்தைப் பார்த்தால் அவரே நிழலில் நாற்காலி போடுவார். முகம் தெரியும்படி யாரையாவது எடுத்தால் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே சாய்ந்திருக்கிறது

போனைப் படுக்கவைத்து எடுத்திருக்கிறீர்கள். சென்சார் ஒரே நேரத்தில் முழுப் படத்தையும் படிப்பதில்லை, வரிசை வரிசையாகப் படிக்கிறது. அந்த வரிசைகள் போனின் நீளவாட்டில் இருக்கின்றன. போன் நிமிர்ந்திருந்தால் நம் செங்குத்துக் கீற்று அப்படியே ஒரு வரிசை. அதிலுள்ள எல்லாப் பிக்சலும் ஒரே கணம். படுக்கவைத்தால் கீற்று எல்லா வரிசையையும் குறுக்கே வெட்டும், மேல்நுனிக்கும் கீழ்நுனிக்கும் நேரம் வேறு. அந்த இடைவெளி 20 மில்லிநொடி என்றால் 40 கிலோமீட்டர் வண்டி அதற்குள் 22 செ.மீ. போய்விடும். ஒரு பிக்சல் கீற்றில் இது தெரியாது, அகலக் கீற்றில் வண்டி நன்றாகச் சாயும். உங்கள் போனின் இடைவெளியை ரோலிங் ஷட்டர் ஸ்க்யூ என்ற எண் சொல்லும்.

இரவு விளக்கில் படுக்கவைத்து எடுத்தால் செங்குத்துக் கோட்டுக்குப் பதில் பாய் பின்னியது போல ஒரு சாய்வு வடிவம் வரும். அதே 100 துடிப்பு, இப்போது ஒவ்வொரு கீற்றுக்குள்ளும் மேலிருந்து கீழ்வரை விழுகிறது. நிமிர்த்திப் பிடிப்பதில் இன்னொரு லாபம், கீற்று நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்கும். ஒரே மூச்சில் நகலெடுக்கலாம்.

நெடுநேரம் எடுத்தால் செயலி சாகிறது, படம் கேலரியில் இல்லை

9 பிக்சல் கீற்றில் பத்து நிமிடம் எடுத்தால் அகலம் 1,62,000 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் 90 கோடி பைட்டுக்கு மேல். எந்தச் செயலிக்கும் ஆன்ட்ராய்டு அவ்வளவு தராது. 2048 பிக்சல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் நிரம்பியதும் எழுதிவிட்டு அதே பஃபரை மறுபடி நிரப்புங்கள்; ஒரு துண்டு 12 எம்பி கூட வராது. எல்லாவற்றையும் ஒரே ஜேபெக்கில் சேர்க்கவும் முடியாது. அந்த வடிவத்தின் உச்ச அகலம் 65,535 பிக்சல், நமக்கு நான்கு நிமிடத்தில் நிரம்பிவிடும்.

நடுவில் திரை அணைந்தால் கேமராவும் போகும். கீப் ஸ்கிரீன் ஆன் கொடி ஒன்றைப் போடுங்கள். போனைத் திருப்பியதும் படம் அழிந்து புதிதாகத் தொடங்கினால் ஆக்டிவிட்டி (செயலியின் திரை) மறுபடி பிறக்கிறது, திசையைப் பூட்டிவிடுங்கள். அழைப்பு வந்து செயலி பின்னால் போனாலும் கேமரா பிடுங்கப்படும், ஆன்ட்ராய்டு 9 முதல் இது விதி. ஏரோபிளேன் மோடில் எடுப்பது நிம்மதி.

சேமித்ததாகச் செயலி சொல்கிறது, கேலரியில் காணவில்லை என்றால் போனில் உள்ள படங்களின் பட்டியலான மீடியாஸ்டோரில், எழுதி முடியவில்லை என்று சொல்லும் ‘ஈஸ் பெண்டிங்’ 1-ஆகவே நிற்கிறது. எழுதி முடித்ததும் 0 ஆக்குங்கள்.

பேருந்தின் எழுத்து தலைகீழ்த் திசையில் இருக்கிறது

‘காட்பாடி’ என்ற பலகை கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வருகிறது. ஆனால் எல்லா வண்டிகளுக்கும் இல்லை, பாதிக்கு மட்டும். அதோடு, எதிரெதிரே போன வண்டிகள் எல்லாம் படத்தில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நிரலில் தவறு தேட வேண்டாம். எந்தத் திசையில் போனாலும் வண்டியின் முன்பக்கம்தான் கீற்றை முதலில் கடக்கும். முதலில் வந்தது இடப்பக்கம் ஒட்டப்படுகிறது. ஆகவே வலமிருந்து இடம் போகும் வண்டி சரியாக வரும், மற்றது திரும்பி வரும். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், ஓரத்தில் நின்று எடுக்கும்போது பக்கத்துத் தடம் வலமிருந்து இடம் போகிறது. அது ஒழுங்காக இருக்கும். எதிர்த் தடத்துப் பலகை படிக்க வேண்டும் என்றால் கீற்றை வலமிருந்து இடமாக ஒட்டும்படி ஒரு பட்டன் வையுங்கள். இரண்டு தடமும் ஒரே படத்தில் சரியாக வர வழி கிடையாது.